மௌனக் கணக்கு

வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு மார்க் போட்டே பழகியவள் நான். எனக்கு யாராவது மார்க் போட்டால் பொறுக்காது. என் வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு, “சாம்பார் பரவால்ல சுந்தரி” என்றால்கூட, “பரவால்லன்னா பத்துக்கு எத்தனை?” என்று அவரை எச்சில் கையோடு உட்காரவைத்து விசாரிப்பேன். அப்படிப்பட்ட என்னை, கொரோனா இரண்டாம் அலை வந்த வருஷத்தில், செல்போனுக்குள் இருந்த ஒரு ஆப் அடுத்தடுத்து இரண்டு வாரம் சிவப்பில் நிறுத்திவைத்தது.

முழுப்பெயர் திரிபுரசுந்தரி. காரைக்காலில் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு நான் கணக்கு மிஸ். பள்ளியைப் பூட்டியதும் எங்கள் சமையலறைதான் வகுப்பறை ஆனது. வீட்டில் அங்கேதான் சிக்னல் ஒழுங்காக வரும். மேசைமேல் இட்லிப் பானையைக் கவிழ்த்து, அதில் செல்லைச் சாய்த்து, ரப்பர் பேண்டால் கட்டினால் வகுப்பு தயார். பின்னால் கடுகு வெடிக்கும், குக்கர் கத்தும். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் விஷ்ணுப்ரியா உள்ளறையில் அவளுடைய அப்பாவின் செல்லில் திருக்குறள் ஒப்பிப்பாள். இதற்கு நடுவில் நான் கூட்டுத் தொடர்வரிசை நடத்த வேண்டும்.

அதுகூடப் பரவாயில்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்கிற டீச்சர்கள் உண்மையில் வேலைதான் பார்க்கிறார்களா என்று நிர்வாகத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. யாரோ கொண்டுவந்து காட்டிய ஆப்பை வாங்கிவிட்டார்கள். வகுப்பு நடப்பதே அந்த ஆப்பில்தான். டீச்சர் எவ்வளவு நேரம் பேசினார், எத்தனை பிள்ளைகள் கடைசிவரை இருந்தார்கள் என்று அதுவே கணக்கெடுத்து, சனிக்கிழமை காலையில் டீச்சர்கள் குரூப்பில் பட்டியல் போட்டுவிடும். பெயருக்கு நேரே பச்சை, மஞ்சள், சிவப்பு. மூன்று வாரம் தொடர்ந்து சிவப்பு வாங்குகிற ஆசிரியருக்கு ‘ஓய்வு’ தரப்படும் என்று கரஸ்பாண்டெண்ட் சார் அறிவித்தார். வேலையை விட்டு அனுப்புவதற்கு எவ்வளவு அக்கறையான வார்த்தை பாருங்கள். ஒரே ஒரு விலக்கு உண்டு. ஒருங்கிணைப்பாளர் மேடம் திடீரென்று வகுப்புக்குள் வந்து உட்கார்ந்து பார்த்து, குறிப்பு எழுதினால், அந்த வாரம் ஆப் சொல்வது செல்லாது, அவர் எழுதியதுதான் செல்லும்.

நான் சிவப்பு வாங்கியதற்குக் காரணம் நான் கொண்டாடி வளர்த்த ஒரு பழக்கம். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளையில் எனக்கு ஒற்றைத் தலைவலி மண்டையைப் பிளந்தது. “நான் தலையத் தூக்குற வரைக்கும் ஒரு சத்தம் வரக் கூடாது. புக்கத் திறந்து கணக்கப் போடுங்க” என்று சொல்லிவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால், வாரம் முழுக்க நான் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காதது நடந்திருந்தது. பயிற்சி முழுவதையும் முடித்திருந்தார்கள். தெரியாதவன் பக்கத்திலிருப்பவன் நோட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டிருந்தான். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. மிஸ் தலை சாய்ந்தால் கணக்குப் போட வேண்டும், மிஸ் நிமிர்கிற வரை யாரும் பேசக் கூடாது. இதற்கு ‘மௌனக் கணக்கு’ என்று பிள்ளைகளே பெயரும் வைத்தார்கள். என் வகுப்பில் கணக்கில் தோற்றவர்கள் குறைவு என்றால் அதற்கு என் பேச்சைவிட என் மௌனம்தான் காரணம்.

ஆப்புக்கு இது எப்படிப் புரியும்? டீச்சர் பேசவில்லையா, டீச்சர் வேலை பார்க்கவில்லை. முதல் சிவப்பு விழுந்ததும் நான் மௌனக் கணக்கை நிறுத்திவிட்டு இடைவிடாமல் பேசினேன். போட்ட கணக்கையே திரும்பப் போட்டேன். சூத்திரத்தை முன்னாலிருந்து பின்னாலும் பின்னாலிருந்து முன்னாலும் சொன்னேன். பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்ததுதான் மிச்சம். அந்த வாரம் வருகை குறைந்து மறுபடியும் சிவப்பு.

வருகை குறைவதற்கு முக்கியமான ஆள் சுகிர்தா. கிளிஞ்சல்மேட்டுப் பெண். அவளுடைய அப்பா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். அந்த வீட்டுக்கு இருப்பது ஒரே செல். அது விடியலுக்கு முன்னால் அப்பாவோடு கடலுக்குப் போய், மீனோடு கரைக்குத் திரும்பி வரும். படகு கரை தட்டியதும் சுகிர்தா ஓடிப்போய் செல்லை வாங்கி, அங்கேயே வலைக் குவியல்மேல் உட்கார்ந்து வகுப்புக்குள் நுழைவாள். வீட்டுக்குள் போனால் சிக்னல் கிடையாது. படகு தாமதமானால் அவள் ஆப்சென்ட், எனக்கு மார்க் போச்சு.

சரி, வந்துவிட்டாளே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. அந்தச் செல் ஒருமுறை படகுக்குள் விழுந்து கண்ணாடி கீறிப்போனதில், மைக்கை அணைக்கிற இடம் மட்டும் விரலுக்கு மசியாது. நானே அணைக்கலாம் என்றால் அந்த வசதிக்குத் தனிக் கட்டணமாம், நிர்வாகம் வாங்கவில்லை. அதனால் சுகிர்தா உள்ளே வந்தால் கரையே கூட வந்துவிடும். நான் பொது வித்தியாசம் சொல்லிக்கொடுக்கும்போது, “கூடை எரநூறு, எரநூத்தம்பது, முந்நூறு” என்று ஏலக்காரர் ஏற்றிக்கொண்டே போவார். ஒருநாள் கோபத்தில், “எழுதிக்குங்க, அதுவும் கூட்டுத் தொடர்வரிசைதான். பொது வித்தியாசம் ஐம்பது” என்றேன். அதற்கப்புறம் அந்தப் பாடம் எவனுக்கும் மறக்கவில்லை. நெத்திலி என்ன விலை என்று மார்க்கெட்டுக்குத் தெரிவதற்கு முன்னால் என் வகுப்புக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது சிவப்பு விழுந்த அன்று பஹீமா போன் செய்தாள். எங்கள் பள்ளியில் இங்கிலீஷ் எடுக்கிறவள், என் சிநேகிதி. அவளுடைய மகள் ஷிஃபாதான் என் வகுப்பு லீடர்.

“டீச்சர், நான் மஞ்சள்ள தொங்கிட்டிருக்கேன். என் தொண்டையிலேர்ந்து இப்பக் காத்துதான் வருது. பனங்கல்கண்டு பாலா குடிச்சு வயிறு ஊதிப்போச்சு.”

“நீயாவது மஞ்சள். எனக்கு இன்னும் ஒரு வாரம்தான்.”

“அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். நான் துவா செய்றேன். உங்களுக்கு ஒண்ணும் ஆவாது.”

அவள் துவா செய்தாள். நான் பயந்தேன். என் வேலை போனால் எங்கள் வீட்டில் உலை வைக்க வேறு வழி கிடையாது. என் வீட்டுக்காரர் தியாகராசன் திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில் மேனேஜர். சனிக்கிழமைக் கூட்டம் இருந்தால்தான் லாட்ஜ், லாட்ஜ் இருந்தால்தான் சம்பளம். கோயிலுக்கு வெளியூர்க்காரர்கள் வருவது நின்றதும் முதலாளி கதவைப் பூட்டிச் சாவியை இவரிடமே கொடுத்துவிட்டார். அந்தச் சாவி எங்கள் சாமி படத்தடியில் கிடந்தது. மனிதர் அதற்காக மூலையில் உட்காரவில்லை, கரண்டியைக் கையில் எடுத்தார். முதலில் ரசத்தில் புளியை அள்ளிப் போட்டு எங்கள் பல்லைக் கூசவைத்தார், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினார். அந்த மாதங்களில் என் தட்டில் சோறு விழுந்தது அவர் கையால்தான். இதை அவரிடம் நேரே சொன்னால் தலைகால் தெரியாமல் ஆடுவார் என்பதால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை எனக்குத் தடுப்பூசி. ராத்திரி முழுக்கக் காய்ச்சல். கை தூக்க முடியவில்லை, உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தது.

“லீவு சொல்லிடு சுந்தரி” என்றார் அவர்.

“சொன்னா சிவப்பு.”

“ஊசி போட்டதுக்குக்கூடவா?”

“ஆப்புக்கு ஊசி போடலீங்க. எனக்குத்தான் போட்டுருக்கு.”

புதன்கிழமை காலை மாத்திரையை விழுங்கிவிட்டு, முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு இட்லிப் பானை முன்னால் உட்கார்ந்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஏலச் சத்தம் கேட்டது, சுகிர்தாவும் வந்துவிட்டாள். எல்லாரும் இருக்கிறார்கள், இன்றைக்குப் பேசித் தீர்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு ஆரம்பித்தேன். இரண்டு கணக்குப் போட்டேன். மூன்றாவதைச் சொல்லிவிட்டு, “எங்கே, நீங்களே போட்டுப் பாருங்க. ஒரு நிமிஷம் தர்றேன்” என்று நெற்றியைக் கையில் தாங்கிக்கொண்டேன்.

கண் விழித்தபோது கன்னத்தில் மேசை ஒட்டியிருந்தது.

எங்கே இருக்கிறேன், இது காலையா சாயங்காலமா என்று ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் செல் கண்ணில் பட்டது. திரை முழுக்கக் குட்டிக் குட்டிக் கட்டங்களில் பிள்ளைகள். ஒருத்தர்கூட வெளியே போகவில்லை. பார்த்த தலையெல்லாம் குனிந்திருந்தது, எழுதிக்கொண்டிருந்தார்கள். சாட்டில் ஷிஃபா போட்டிருந்த ஒரே ஒரு வரி: ‘மௌனக் கணக்கு. பயிற்சியில் மிச்சம் இருக்கிறதை எல்லாரும் போடுங்க.’ நேரத்தைப் பார்த்தேன். பிரிவேளை முடிய நாலைந்து நிமிஷம்தான் பாக்கி.

எனக்குப் புரிந்தது. மிஸ் தலை சாய்ந்தால் மௌனக் கணக்கு. மிஸ் மறுபடியும் பழைய வழக்கத்தை ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்துவிட்டன பிள்ளைகள். கடவுளே, அவர்களுக்கு நான் தூங்கியது தெரியாது என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சு பாதியில் நின்றது. கட்டங்களுக்குக் கடைசியில், படம் இல்லாமல் பெயர் மட்டும் இருக்கிற ஒரு கட்டம். ‘கீர்த்திகா – ஒருங்கிணைப்பாளர்.’

எப்போது வந்தார், எவ்வளவு நேரமாக இருக்கிறார், தெரியாது. அழுதாலும் பயன் இல்லை, இனிமேல் செய்யக்கூடியது டீச்சராக இருப்பது ஒன்றுதான். தொண்டையைச் செருமிக்கொண்டு, “சரி. நோட்டக் காட்டுங்க” என்றேன்.

நோட்டுகள் திரைக்கு வந்தன. பயிற்சி முழுவதும் முடிந்திருந்தது. இரண்டு வாரமாக நான் பேசிப் பேசி நகர்த்த முடியாத பாடம் அந்த நோட்டுகளில் நேராக ஏறி உட்கார்ந்திருந்தது. ஒரே ஒருத்தியிடம் நோட்டு இல்லை.

“சுகிர்தா, உன் நோட்டு எங்கே?”

அவள் முகமெல்லாம் வேர்வை. பின்னால் வழக்கமான வலைக் குவியலைக் காணோம், ஏதோ மரங்கள் தெரிந்தன. ஏலச் சத்தமும் இல்லை.

“அலை இழுத்துட்டுப் போயிருச்சு மிஸ்.”

“நல்ல சாக்கு. அடுத்த வாரம் திமிங்கிலம் தின்னுடுச்சுன்னு சொல்லு.”

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வகுப்பு முடிந்தது. நான் செல்லை அணைத்துவிட்டுத் திரும்பினால், வாசற்படியில் என் வீட்டுக்காரர் வெங்காயமும் கையுமாக நிற்கிறார்.

“நீங்களாவது எழுப்பியிருக்கலாம்ல?”

“நான் மௌனக் கணக்குன்னுல்ல நெனச்சேன்” என்றார். முகத்தை மிகவும் வெள்ளந்தியாக வைத்துக்கொண்டிருந்தார். மிக்ஸியில் அரைக்க வேண்டிய சட்னி அரைபடாமல் காத்திருந்தது. விஷ்ணுப்ரியாவின் திருக்குறள் பக்கத்து வீட்டுக்குக் குடிபோயிருந்தது. அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் நான் இல்லை.

சாயங்காலம் கீர்த்திகா மேடம் கூப்பிட்டார். மேடம் என்றாலும் என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். பிரசவ விடுப்பு முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். செல்லில் அந்தப் பெயரைப் பார்த்ததும் ‘ஓய்வு’ வந்துவிட்டது என்று நினைத்தேன். சாமி படத்தடியில் லாட்ஜ் சாவி கண்ணில் பட்டது. இதுவும் போனால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே எடுத்தேன்.

“மிஸ், இன்னைக்கு உங்க கிளாஸ் பத்திப் பேசணும்.”

“சொல்லுங்க மேடம்.”

“குறிப்பு எழுதிட்டேன். படிக்கிறேன், கேளுங்க. ‘வகுப்பில் முழு அமைதி. மாணவர்கள் தாமாகவே கணக்குப் போட்டனர். ஒருவரும் இடையில் வெளியேறவில்லை. ஆசிரியர் எங்கும் குறுக்கிடவில்லை. மிக நன்று.’”

கிண்டல் செய்கிறாரா என்று குரலை எடைபோட்டேன். கிண்டல் இல்லை. ஆனால் வேறு ஏதோ இருந்தது.

“ஒண்ணு சொல்லணும் மிஸ். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.” குரல் இறங்கியது. “நான் முழுசாப் பாக்கல. பாப்பா ராத்திரி பூராவும் தூங்கவிடல. காலைலதான் மடியில அசந்துச்சு. அது முழிச்சிடக் கூடாதுன்னு செல்லுல சத்தத்தையே சுத்தமா கொறைச்சுட்டுத்தான் உங்க கிளாஸுக்கு வந்தேன். பிள்ளைங்க எல்லாம் குனிஞ்சு எழுதுறாங்க. நீங்க தலை சாய்ச்சிருக்கீங்க. உங்க மௌனக் கணக்கு பத்திக் கேள்விப்பட்டிருக்கேன்ல, அதுதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். பாக்கப் பாக்க அவ்வளவு அமைதியா இருந்துச்சு மிஸ். எப்பக் கண்ண மூடுனேன்னே தெரியல. முழிச்சா, பிள்ளைங்க எல்லாம் நோட்டக் காட்டிட்டிருக்காங்க. பாப்பா பொறந்ததுலேர்ந்து நான் அப்படித் தூங்கினதே இல்ல.”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அப்புறம் என்னால் முடியவில்லை.

“மேடம், நானும்தான்.”

“என்ன மிஸ்?”

“நான் மௌனக் கணக்குக் குடுக்கல. தூங்கிட்டேன். பிள்ளைங்கதான் மௌனக் கணக்குன்னு நெனச்சுப் போட்டுடுச்சுங்க.”

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. இந்தப் பக்கம் நானும் சிரித்தேன். பாப்பா முழித்து அழுகிறவரை சிரித்தோம். போனை வைக்கும் முன்னால், “எல்லா டீச்சருக்கும் வாரத்துல ஒரு பீரியட் இது மாதிரி வேணும் மிஸ். நான் சார்கிட்டப் பேசுறேன்” என்றார். பேசவும் செய்தார். ‘தன்னியக்கப் பயிற்சி நேரம்’ என்று பெரிய பெயர் சூட்டிச் சுற்றறிக்கை வந்தது. அந்த நேரத்தில் டீச்சர் பேச வேண்டியதில்லை, ஆப்பும் வாயைத் திறக்கக் கூடாது. பஹீமாவுக்குத் தொண்டை திரும்ப வந்தது. வந்த சந்தோஷத்தில் ஷிஃபாவிடம் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் ஒரு தூக்குவாளி நிறைய கொடுத்தனுப்பினாள்.

சனிக்கிழமைப் பட்டியலில் என் பெயருக்கு நேரே பச்சை. மேடம் எழுதிய குறிப்பால் வந்தது. ஆனால் கீழே ஆப் தன் பங்குக்குப் போட்டிருந்த விவரத்தைப் பார்த்துத்தான் நான் குழம்பினேன். புதன்கிழமை வகுப்பில் ஆசிரியர் பெரும்பாலான நேரம் பேசியதாக அதில் இருந்தது. தூங்கினவள் எப்படிப் பேசியிருப்பேன்? ஆப்புக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று விட்டுவிட்டேன். கணக்கு டீச்சர் நான். விடை பொருந்தவில்லை என்றால் எங்கேயோ தப்பு இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். அன்றைக்கு எனக்கே அது தோன்றவில்லை.

செப்டம்பரில் பள்ளி திறந்தது. முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. கட்டங்களுக்குள் பார்த்த முகங்களை முழு ஆளாகப் பார்த்தபோது, இவ்வளவு வளர்ந்துவிட்டார்களா என்று இருந்தது. முதல் வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளையில், “மௌனக் கணக்கு” என்றேன். வகுப்பு முழுக்க ஒரு சந்தோஷம் ஓடியது. நான் மேசையில் தலையைச் சாய்த்தேன்.

முன் வரிசையிலிருந்து சுகிர்தாவின் குரல் கேட்டது.

“மிஸ், நெசமாவே தூங்குங்க மிஸ். இப்ப ஏலச் சத்தம்லாம் வராது.”

பக்கத்தில் இருந்த ஷிஃபா அவளை இடித்தது எனக்குக் கேட்டது. தலையைத் தூக்கினேன். வகுப்பில் ஒருத்தரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. எல்லாரும் திடீரென்று நோட்டில் மும்முரமாகிவிட்டார்கள்.

“ஷிஃபா, எழுந்திரு. என்ன விஷயம்?”

“ஒண்ணுமில்ல மிஸ்.”

“ஒண்ணுமில்லன்னா ஏன் இடிச்சே?”

அவள் நின்றாள். தன் அம்மாவைப் போலவே நல்ல பெண், ஆனால் பொய் சொல்ல வராது.

“மிஸ், அன்னைக்கு நீங்க தூங்கிட்டீங்கன்னு எங்களுக்குத் தெரியும் மிஸ்.”

“எப்படித் தெரியும்?”

ஷிஃபா தரையைப் பார்த்தாள். பின் பெஞ்சிலிருந்து ஒருவன்தான் சொன்னான். “குறட்டை கேட்டுச்சு மிஸ்.”

வகுப்பே சிரித்துப் புரண்டது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, முகக்கவசம் இருந்ததால் பிழைத்தேன். ஆப் போட்ட கணக்கு அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெரும்பாலான நேரம் பேசினேனாம். நான் விட்ட குறட்டையைப் பாடம் நடத்துவதாக எடுத்துக்கொண்டிருக்கிறது அந்த ஆப்.

“அப்ப ஏன் எழுப்பல?”

ஷிஃபா சொன்னாள். “உங்களுக்கு ஊசி போட்டதும், ராத்திரி காய்ச்சல்னும் எங்கம்மா சொன்னாங்க மிஸ். ரெண்டு சிவப்பு வாங்குனதும் தெரியும். இன்னொண்ணு வந்தா நீங்க வரமாட்டீங்கன்னும் தெரியும். அதான், மைக்க யாரும் போடாதீங்க, யாரும் வெளில போவாதீங்க, மௌனக் கணக்கு மாதிரியே இருப்போம்னு எங்க குரூப்புல போட்டேன். சாட்டுல போட்டது, யாராவது உள்ள வந்து பாத்தா நம்புறதுக்கு.”

பாவிப் பிள்ளைகளா! இவர்களை அப்பாவிகள் என்று நினைத்து மேடமும் நானும் சிரித்த சிரிப்பு என்ன! இங்கே ஒரு படையே கட்டுக்கோப்பாகக் காவல் இருந்திருக்கிறது. நான் சுகிர்தா பக்கம் திரும்பினேன். அவளுடைய செல்லில் மைக் அணையாதே என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வகுப்பு ஆரம்பத்தில் ஏலச் சத்தத்தோடு வந்தவள். நான் விழித்தபோது ஒரு சத்தமும் இல்லை.

“நீ என்னடி பண்ணினே?”

சுகிர்தா எழுந்து நின்றாள். “ஏலம் சூடா நடந்துட்டிருந்துச்சு மிஸ். அந்தச் சத்தத்துல நீங்க முழிச்சிடுவீங்கன்னு பயமா இருந்துச்சு. வெளில போயிடலாம்னா, அட்டெண்டன்ஸ் போயிரும்னு ஷிஃபா சொல்லியிருந்தா. அதான், செல்ல துப்பட்டாவுல சுத்திக்கிட்டு சவுக்குத் தோப்புக்கு ஓடிட்டேன். அங்க சத்தமே இருக்காது. ஓரமா நின்னா சிக்னல் ஒரு கோடு வரும். நவுந்தா போயிரும். அதான் நீங்க முழிக்கிற வரைக்கும் அங்கேயே நவுராம நின்னேன்.”

“செருப்பு?”

“கரைல ஏது மிஸ் செருப்பு?”

ஜூலை மாத வெயிலில் அந்த மணல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அடுத்ததையும் கேட்டேன்.

“அந்த நோட்டு?”

“அது நெசமாவே அலைதான் மிஸ். ஓடுறப்ப கீழ போட்டுட்டேன். திரும்பிப் பாக்குறதுக்குள்ள இழுத்துட்டுப் போயிருச்சு.”

திமிங்கிலம் தின்றுவிட்டது என்று சொல்லு என்றேனே, அதற்கு இவளும் சேர்ந்து சிரித்தாளே! என் வேலை போகக் கூடாது என்று பஹீமா துவா செய்தாள், என் வீட்டுக்காரர் மிக்ஸியைப் போடாமல் காத்திருந்தார், இந்தப் பெண் சுடுமணலில் ஓடி ஒரு கோடு சிக்னலுக்காக மரத்தடியில் அசையாமல் நின்றிருக்கிறாள். எல்லாரும் சேர்ந்து என்னைத் தூங்கவைத்திருக்கிறார்கள். எனக்கு இதற்கு மார்க் போடத் தெரியவில்லை. திட்டுவதற்கு என்னிடம் நூறு வார்த்தை உண்டு, நன்றி சொல்ல ஒன்றுகூட நாக்கில் இல்லை. இருந்தாலும் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன்.

“பிள்ளைங்களா...” என்றேன். அதற்கு மேல் வரவில்லை. மறுபடியும், “பிள்ளைங்களா...” என்றேன்.

ஷிஃபா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். லீடர் அல்லவா, வகுப்பை ஒரு பார்வை பார்த்தாள். எல்லாருடைய தலையும் நோட்டுக்குக் குனிந்தது.

“பேசாதீங்க மிஸ்” என்றாள் மெதுவாக. “மௌனக் கணக்கு.”

நான் உட்கார்ந்து, சொன்ன பேச்சைக் கேட்டு, மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். பேனாக்கள் எழுதுகிற சத்தம் மட்டும் கேட்டது. என் கன்னத்தடியில் மேசை நனைந்துகொண்டிருந்தது. மணி அடிக்கிறவரை நான் நிமிரவில்லை, அவர்களும் நிமிரவில்லை.